மூன்று மாத மூச்சும் முப்பது வருஷத் தூசியும்



புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தவுடன் நம்மவர் வாயில் இரண்டே பேச்சுத்தான் வருகிறது. ஒன்று, "எல்லாம் தலையெழுத்து" என்பது. மற்றது, "எதை விற்றாவது காப்பாற்றியாக வேண்டும்" என்பது. இரண்டும் அன்பினாலும் துயரத்தினாலும் வரும் பேச்சுத்தான். ஆனால் யோசித்துச் சொல்லும் பேச்சல்ல. முதல் பேச்சு, குற்றம் செய்தவனைத் தப்ப விட்டுவிடுகிறது. இரண்டாவது பேச்சு, செத்தவரோடு சேர்த்து இருப்பவர்களையும் கடனில் புதைக்கிறது. நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களைக் குறிவைத்துத் தாக்குகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோயையும், அதற்குக் கொடுக்கப்படும் கீமோ சிகிச்சையையும் வைத்து இதை விளக்க முயல்கிறேன். நான் டாக்டர் அல்லன். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஆனால் ஒரு தவறான யோசனை சொல்லிவிட்டு, அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. பெயர் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் மும்பைக்கு வந்தவர். கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியே போகாதபடி கவசம் சுற்றும் காண்டிராக்ட் வேலையில் பதினான்கு வருஷம் இருந்தார். கல்நார்க் கயிறு, கல்நார்த் துணி, தண்ணீரில் குழைத்துப் பூசுகிற கல்நார் மாவு: இவைதான் அவர் கையில் புழங்கிய சாமான்கள். பிறகு அந்த வேலையை விட்டுத் தள்ளுவண்டியில் காய்கறி வியாபாரம் செய்தார். முப்பது வருஷம் கழித்து, அறுபத்தாறாவது வயதில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டி.பி.தானே நினைவுக்கு வரும்? மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டார். நீர் எடுக்க எடுக்க மறுபடியும் கோத்தது. மூன்றாவது முறை வேறொரு ஆஸ்பத்திரியில் நுரையீரல் உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகுதான் மீசோதீலியோமா என்ற பெயர் வெளியே வந்தது.

அன்று இரவு அவருடைய மகன் என்னைத் தேடி வந்தான். "அண்ணாச்சி, கீமோ போடலாம்னு டாக்டர் சொல்லுதாவ. இன்னொருத்தர், புது ஊசி ஒண்ணு இருக்கு, லட்சக்கணக்குல ஆகும்னு சொல்லுதார். ஊர்ல இருக்க வீட்ட வித்துரட்டுமா?" என்று கேட்டான்.

"உயிரைவிட வீடு பெரிசா? வித்துப் போடு" என்று சொன்னேன். அதிகாரத்தோடு சொன்னேன். கூட்டத்தில் பேசிப் பழகிய வாய் அல்லவா? அந்தச் சிகிச்சையால் என்ன ஆகும், எவ்வளவு காலம் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் சொன்னேன். சங்கத்துக்காரன் செய்யக்கூடாத காரியம் இது.

என்ன நோய் இது?

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. வயிற்றுக் குடலைச் சுற்றியும் அப்படி ஓர் உறை உண்டு. அந்த உறையில் தோன்றும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. பீடி, சிகரெட்டால் வருவதல்ல இது. மிகப் பெரும்பாலும் கல்நார்த் தூசியால், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது. கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற இழைகள் மூச்சோடு உள்ளே போய் உறை வரை சென்று தங்கிவிடுகின்றன. உடம்பால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் அவை அங்கேயே இருந்து நோயை வளர்க்கின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியுமல்ல. தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 நோயாளிகளை ஆராய்ந்து, வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1960இலேயே எழுதிவிட்டார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்கள் மட்டுமல்ல, சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களும் அந்த 33 பேரில் இருந்தார்கள். 1964இல் அமெரிக்காவில் செலிகாஃப் என்ற மருத்துவர், நம் உறுப்பினர் செய்த அதே கவச வேலையைச் செய்த தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் மிகுந்திருப்பதைக் காட்டினார். நம் தோழர் அந்த வேலையில் சேர்வதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே உண்மை அச்சேறிவிட்டது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும். புருஷன் உடுத்தி வந்த தூசி படிந்த துணியை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இதே நோய் வந்திருப்பதைப் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆலைக்குள் கால் வைக்காத பெண்ணுக்கு ஆலையின் நோய் வந்தது. இதைத் தலையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

கீமோ என்ன செய்யும், என்ன செய்யாது?

இந்த நோய்க்கு வெகுகாலம் உருப்படியான மருந்து இல்லாமல் இருந்தது. 2003இல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 448 நோயாளிகள் அதில் சிகிச்சை பெற்றனர். ஒரு பாதிப் பேருக்குச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து மட்டும். மறு பாதிப் பேருக்கு அதோடு பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்தும் சேர்த்து. ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 9.3 மாதத்துக்கு மேல் உயிரோடிருந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். கட்டி சுருங்கியது முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கு. இரண்டாம் பிரிவில் 41 பேருக்கு. இதை வைத்து 2004இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இன்றுவரை உலகெங்கும் இந்த ஜோடி மருந்து, அல்லது சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாதவர்களுக்குக் கார்போபிளாட்டின் சேர்த்த ஜோடி, முக்கியமான சிகிச்சையாக இருந்து வருகிறது.

கணக்கைப் பாருங்கள்: வித்தியாசம் ஏறக்குறைய மூன்று மாதம். இதை அற்பம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூன்று மாதத்தில் ஒரு மகளின் பிரசவத்தைப் பார்க்கலாம், ஒரு பகையைத் தீர்க்கலாம். அதோடு, மூச்சு இளைப்பும் வலியும் குறைந்து படுத்துத் தூங்க முடிவதே பெரிய காரியம். அது சராசரிக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. சிலர் இரண்டு வருஷம் மூன்று வருஷம் இருக்கிறார்கள், சிலர் இரண்டாவது ஊசிக்கே வருவதில்லை. ஆனால் "குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அது பொய். கீமோ இந்த நோயைத் தள்ளிப் போடுமே தவிர வேரோடு பிடுங்காது.

புது ஊசி என்று அந்தப் பையன் சொன்னதும் பொய்யல்ல. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு மருந்துகள், உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை நோய்மேல் ஏவிவிடுபவை. 605 பேரை வைத்து நடந்த சோதனையில், கீமோ பெற்றவர்களின் நடு அளவு 14.1 மாதம், இந்த ஊசி பெற்றவர்களுக்கு 18.1 மாதம். 2020 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மீசோதீலியோமாவில் வகைகள் உண்டு. கடுமையான வகைகளில் இந்த ஊசியால் கிடைத்த லாபம் பெரிது: 8.8 மாதத்துக்கு எதிரே 18.1 மாதம். சாதாரணமாக அதிகம் காணப்படும் வகையில் கிடைத்த லாபம் சிறிது: 16.5க்கு எதிரே 18.7 மாதம். ஆகவே எந்த வகை என்று கேட்காமல் வீட்டை விற்பது, எந்த ஊருக்கு என்று கேட்காமல் டிக்கெட் எடுப்பது போன்றது.

ஆபரேஷனைப் பற்றியும் ஒரு சொல். நுரையீரல் உறையை உரித்தெடுக்கும் பெரிய ஆபரேஷனைக் கீமோவோடு சேர்த்துச் செய்தால் ஆயுள் நீளும் என்று பலர் நம்பினார்கள். பிரிட்டனில் 335 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களைவிடக் கீமோ மட்டும் பெற்றவர்களே மேலாக இருந்தார்கள். பெரிய ஆபரேஷன், பெரிய செலவு என்பதால் பெரிய பலன் என்று ஆகிவிடாது.

கீமோவுக்குப் போகும் குடும்பம் அறிய வேண்டியவை சில உண்டு. பெமெட்ரெக்ஸெட், செல்கள் பெருகுவதற்கு வேண்டிய ஃபோலிக் சத்தின் வழியை அடைத்து வேலை செய்கிறது. அதனால் நல்ல செல்களும் அடிபடும். 2003 சோதனையின் தொடக்கத்தில் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவை குறைந்தன. சில ரூபாய் விலையுள்ள அந்த மாத்திரையை, "சத்து மாத்திரைதானே" என்று நிறுத்திவிடாதீர்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம், வாந்தி வரும், அதற்கும் மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். உடம்பு வலிக்கிறதென்று மருந்துக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்; சில மாத்திரைகள் இந்தச் சிகிச்சையோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

விலை என்ற மாயம்

மருந்து விலையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2019இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. பெமெட்ரெக்ஸெட் அதில் ஒன்று. உத்தரவு வந்ததும் சில கம்பெனிகளின் ஊசி, பழைய விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது! மருந்து அதேதான், கண்ணாடிக் குப்பி அதேதான். அப்படியானால் அதுவரை நோயாளிகளின் தாலியை அடகு வைத்துக் கட்டிய மீதி ஒன்பது பங்கு யார் பைக்குப் போயிற்று? ஒரு கையெழுத்தினால் இறங்கக்கூடிய விலைக்காக எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றிருக்கும்?

ஆகவேதான் சொல்கிறேன்: விற்பதற்கு முன் விசாரியுங்கள். பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 முதல் இருக்கிறது. அங்கே ஏழைகளுக்கென்று தனி வழி உண்டு; சமூகப் பணியாளர்கள் உண்டு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு; அட்டை எந்த மாநிலத்தில் எடுத்ததென்றாலும் வேறு மாநிலத்தில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பது விதி. விதி இருந்தும் "உங்கள் ரேஷன் கார்டு அந்த ஊர், உங்கள் ஆதார் இந்த ஊர்" என்று நம்மவரைத் திருப்பி அனுப்பும் கவுண்டர்கள் இருக்கின்றன. அங்கே தனியாக நிற்காதீர்கள்; சங்கத்துக்குச் சொல்லுங்கள், கூட ஆள் வரும்.

என் துறை சம்பந்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாளி சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ ரயிலில் போனால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணத்தில் அவருக்கு முழுச் சலுகை. துணைக்குப் போகும் ஒருவருக்கு இவ்விரு வகுப்பிலும் 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் முழுக் காசும் கொடுத்து வந்து நிற்பவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வலியைத் தீர்ப்பதும் சிகிச்சைதான் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவது மருத்துவமல்ல. கோக்கும் நீரைக் குழாய் வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். மறுபடி நீர் சேராமல் உறையை ஒட்டவைக்கலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைக்காமல் இருந்த நிலையை மாற்ற 2014இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் வந்தும், கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை. கேட்க வேண்டும்.

பணம் கட்ட வேண்டியவர் யார்?

இனி அரசியலுக்கு வருகிறேன். நோய் கொடுத்தவன் ஒருவன், மருந்துக்குக் கட்டுகிறவன் இன்னொருவன் என்பது எந்த ஊர் நியாயம்?

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்தது முதல் 40 வருஷம், அல்லது வேலையை விட்டது முதல் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். தொழிலாளிகளை இன்ஷூரன்சில் சேர்க்க வேண்டும். தேசியத் தொழில்நல நிறுவனம் நோயை உறுதி செய்தால் ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நம் தோழருக்காக நாங்கள் அவர் வேலை செய்த இடங்களுக்கு ஏறி இறங்கியபோது ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை. காண்டிராக்டர் இறந்துவிட்டார். ஆலை கைமாறிவிட்டது. மஸ்டர் ரோல் எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அவர் பதினான்கு வருஷம் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி அவருடைய நெஞ்சுக்குள் இருந்த தூசி ஒன்றுதான்.

1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தில், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் தொழில் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. நோய் வர முப்பது வருஷம்; காண்டிராக்டர் பெயர் மாற மூன்று மாதம்! 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம் போய், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் தொழில் நோய் அட்டவணை உண்டு. அட்டவணையில் நோயின் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? தொழிலாளியின் பெயர் ஏதாவதொரு பதிவேட்டில் இருக்க வேண்டாமா?

"தேடிப் பார்த்தோம், முதலாளி கிடைக்கவில்லை, ஆகவே நஷ்டஈடு இல்லை" என்று சொல்வதற்கு மாற்று வழி உண்டு. பிரிட்டன் 2014இல் மீசோதீலியோமாவுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதலாளியையோ அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியையோ கண்டுபிடிக்க முடியாத நோயாளிக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லாவற்றிடமிருந்தும் தீர்வை வசூலித்து அந்த நிதியிலிருந்து பணம் கொடுக்கிறார்கள். நமக்கு இது அந்நியமான யோசனையா? நம் ஊர்ப் பெண்கள் சுற்றிய பீடியின் மேல் 1976இல் நலத் தீர்வை போட்டுத்தானே ஆஸ்பத்திரியும் பிள்ளைகளுக்குப் படிப்புதவியும் கொடுத்தார்கள்? 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. பீடிக்குப் போட முடிந்த தீர்வையைக் கல்நாருக்கு ஏன் போடக்கூடாது? கப்பலில் இறங்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை என்று வசூலித்து, அதிலிருந்து கீமோவுக்கும் மார்ஃபினுக்கும் குடும்பத்துக்கும் கொடுக்கட்டும்.

டன் என்றதும் நினைவு வருகிறது. கல்நார் வெட்டும் சுரங்கங்களுக்குப் புது அனுமதி தருவதை 1986இலும், பழைய அனுமதியைப் புதுப்பிப்பதை 1993இலும் நம் அரசு நிறுத்தியது. ஏன்? ஆபத்தென்று தெரிந்ததால்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து, வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்யத் தடையில்லை. அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வந்து இறங்குகிறது. உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு நாம்தான். நம் மண்ணில் தோண்டினால் ஆபத்து, அடுத்தவன் மண்ணில் தோண்டி நம் வீட்டுக் கூரையில் ஏற்றினால் ஆபத்தில்லையா?

பிரிட்டன் 1999இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005இல் தடை வந்தது. கல்நாரை உலகுக்கெல்லாம் விற்ற கனடாவே 2018இல் தடை செய்தது. அமெரிக்கா 2024இல் வெள்ளைக் கல்நாரைத் தடை செய்து உத்தரவிட்டது. தடை செய்து கால் நூற்றாண்டு ஆன பின்னும் பிரிட்டனில் வருஷந்தோறும் 2000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவில் சாகிறார்கள். அன்று விதைத்ததன் அறுவடை அது. இன்று விதைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அறுவடை எந்த வருஷம், எத்தனை பேர்?

எதிர்த்தரப்புக்குப் பதில்

"வெள்ளைக் கல்நார் நீலத்தைப் போல அவ்வளவு கெட்டதல்ல, கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் போதும்" என்று முதலாளிகள் தரப்பு சொல்லி வருகிறது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையைவிடக் கொடியவை என்பது உண்மைதான். ஆனால் எல்லா வகைக் கல்நாரும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் முடிவு. கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? தாராவியில் மாடிக்கு மேல் மாடி ஏற்றும்போது சிமெண்ட் ஷீட்டை ரம்பத்தால் அறுக்கிற பையன் மூக்கில் கைக்குட்டைகூடக் கட்டுவதில்லை. பழைய கப்பல் உடைக்கும் ஆலங்கில், கல்நாரைக் கையாண்ட தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 16 பேருக்கு நுரையீரலில் கல்நார் நோயின் அறிகுறி தெரிந்ததாக 2006இல் உச்ச நீதிமன்றத்துக்கு அறிக்கை வந்தது. காகிதத்தில் உள்ள கட்டுப்பாடு காண்டிராக்டரின் வாசலோடு நின்றுவிடுகிறது.

"ஏழைக்கு மலிவான கூரை போய்விடுமே, ஆலைத் தொழிலாளிக்கு வேலை போய்விடுமே" என்பது இன்னொரு வாதம். இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஏழையும் தொழிலாளியும் நம்மவர்களே. ஆனால் கல்நார் இல்லாமல் வேறு இழை கலந்த சிமெண்ட் ஷீட் உலகில் செய்கிறார்கள். சிமெண்ட் ஷீட்டில் கல்நாரின் பங்கு நூற்றுக்குச் சுமார் எட்டோ பத்தோதான். அந்தப் பங்கை மாற்றினால் அதே தொழிலாளி அதே ஆலையில் வேலை செய்யலாம். மாற்றும் செலவை முதலாளியும் அரசும் ஏற்கட்டும். தொழிலாளியின் தலையில் கட்டாதிருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பீதி கொண்டு கூரையைப் பிடுங்கி எறிய வேண்டாம். உடையாமல் கிடக்கும் ஷீட்டிலிருந்து அதிகத் தூசி வராது. அறுப்பது, துளைப்பது, உடைப்பது, உரசிக் கழுவுவதுதான் ஆபத்து. வேறு வழியின்றித் தொட வேண்டுமென்றால் நன்றாக நனைத்துத் தொடுங்கள்; உடைந்த துண்டைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள்; குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்பவை இவை: வெள்ளைக் கல்நார் இறக்குமதிக்கும் உற்பத்திக்கும் நாள் குறித்துத் தடை. அதுவரை டன்னுக்கு இவ்வளவு என்று தீர்வை. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் பதிவேடு. ஆறு மாதத் தொடர் வேலை போன்ற நிபந்தனையெல்லாம் முப்பது வருஷம் கழித்து வரும் நோய்க்குச் செல்லாது என்ற திருத்தம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பரிலும் "என்ன வேலை பார்த்தாய்?" என்ற கேள்விக்கு ஒரு கட்டம்.

இந்தக் கடைசிக் கேள்வியை நாமே தொடங்கலாம். மூச்சு இளைப்போடு போகும் பெரியவர் எவரும், தாம் முப்பது வருஷத்துக்கு முன் பார்த்த வேலையை டாக்டரிடம் கேட்காமலே சொல்ல வேண்டும். டி.பி. மருந்துக்குப் பிறகும் நெஞ்சில் நீர் கோத்தால் சதைச் சோதனை உண்டா என்று கேட்க வேண்டும். நோயின் பெயர் தெரிந்த அன்றே நஷ்டஈட்டு மனுவைப் பற்றி வக்கீலிடம் கேட்க வேண்டும்; மனுவுக்குக் காலக்கெடு உண்டு. கொதிகலன், கப்பல் உடைப்பு, பிரேக் கட்டை, ஷீட் ஆலை ஆகிய வேலைகளில் இருந்த உறுப்பினர்களின் பெயர், வேலை செய்த இடம், வருஷம், கூட வேலை செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கச் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். முதலாளி வைக்காத பதிவேட்டை நாம் வைப்போம்.

அந்தத் தோழரின் கதையை முடிக்க வேண்டும். நான் யோசனை சொன்ன மறுவாரம் அந்த மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மையார் பொறுமையாகக் கணக்கைச் சொன்னார்: இது இவ்வளவு மாதம், அது இவ்வளவு மாதம், இவருடைய வகைக்குப் புது ஊசியால் அதிக லாபம் இல்லை என்று. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்த பெரியவர் சொன்னார்: "எல்லாரும் பேசுதிய. எங்கிட்ட யாரும் கேக்கலையே?" அன்றுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவரே முடிவு செய்தார். கீமோ போட்டுக்கொள்கிறேன், முடிந்தவரை. வீட்டை விற்கக் கூடாது என்றார். அரசு ஆஸ்பத்திரியில் நான்கு முறை மருந்து ஏறியது. நீர் கோப்பது சில மாதம் நின்றது. தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்கியவர் படுத்துத் தூங்கினார். பத்தாவது மாதம் இறந்தார்.

ஊரில் உள்ள அந்த வீட்டில்தான் இன்று அவர் மனைவி இருக்கிறார். நான் சொன்னபடி நடந்திருந்தால் அந்த அம்மாள் வாடகை வீட்டில் இருந்திருப்பார். கீமோவை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, நோயாளியைக் கேட்டுக்கொண்டு, கணக்குத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்பதற்கே எழுதுகிறேன். மூன்று மாத மூச்சு நம் உரிமை. அதற்கான பில் மட்டும் நம்முடையதல்ல. முப்பது வருஷத்துக்கு முன் அந்தத் தூசியை விற்று லாபம் பார்த்தவர்கள் பெயருக்கு அதை அனுப்பும் வரை நம் சங்கம் ஓயக்கூடாது.